20,000 ரூபாவுக்குப் படப்புத்தகம்: நாலு வழியில் எது?

சென்ற தவணை ஒரு நாள் படமட்டை விளையாட்டு. நாலு மட்டைகள்: சேலை உடுத்த பெண், சாரம் கட்டிய ஆண், ஒரு சிறுமி, ஒரு சிறுவன். "விடிய வெள்ளன வேலைக்குப் போறது ஆர்?" என்று கேட்டேன். நாலரை வயதுப் பிள்ளை ஒன்று யோசிக்கவே இல்லை, ஆணின் மட்டையை எடுத்து நீட்டியது.

அந்தப் பிள்ளையின் வீட்டில் ஆண்கள் எவரும் இல்லை. அம்மாவும் அம்மம்மாவும்தான். அம்மா மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறார். இருட்டோடு வாகனம் வந்து படலையில் நிற்கும். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி வந்து கை காட்டும். ஒவ்வொரு நாளும் அப்படிக் கை காட்டுகிற பிள்ளை, மட்டையைக் கண்டதும் மட்டைக்குரிய விடையைச் சொல்கிறது. வீட்டு விடை ஒன்று, புத்தக விடை ஒன்று என்று இரண்டையும் வேறுவேறாக வைத்திருக்கிறது. ரீச்சர் கேட்டால் சொல்ல வேண்டியது புத்தக விடை.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் பிறந்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் முன்பள்ளிக்குப் புத்தகம் வாங்க 20,000 ரூபா அனுப்பியிருந்தார். "நல்லதாப் பார்த்து வாங்குங்கோ" என்றதற்கு மேல் ஒரு நிபந்தனையும் இல்லை. கூட்டத்தில் சிலர் எழுத்துப் பயிற்சிக் கொப்பிகள் வாங்கச் சொன்னார்கள். ஒரு தகப்பன் ஆங்கில எழுத்துப் புத்தகம் கேட்டார். நான் கேட்டது, ஆண் பெண் என்று நாங்கள் பிரித்து வைத்திருப்பதைப் பற்றிப் பிள்ளைகளோடு கதைக்க உதவும் படப்புத்தகங்கள். கடைசியில், "சரி ரீச்சர், எதை வாங்கப் போறீங்கள், ஏன் எண்டு எழுதித் தாங்கோ" என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்ததை விரித்ததுதான் இது. நான் இலங்கையின் வடக்கே, வன்னியில், துணுக்காய்ப் பக்கத்தில் 9 வருடமாக முன்பள்ளி ஆசிரியர். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ விசுவமடுவிலோ இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் உதவலாம்.

இவ்வளவு சின்னப் பிள்ளைகளோடு இதைக் கதைக்கத்தான் வேண்டுமா என்பது கூட்டத்தில் வந்த முதல் கேள்வி. நாங்கள் கதைக்காவிட்டாலும் அவர்கள் கதைக்கிறார்கள். மண்சோறு காய்ச்சி விளையாடும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்: "நீ பெடியன், குசினிக்குள்ள வராதை." தான் ஆணா பெண்ணா என்று மூன்று வயதளவில் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அது உடுப்பை மாற்றினால் மாறாது என்பது பிடிபட இன்னும் சில வருடம் எடுக்கும் என்று உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966 இலேயே எழுதினார். எங்கள் வகுப்பில் ஒரு பெடியன் அக்காவின் சட்டையைப் போட்டுப் பார்த்தபோது, இனி அவன் பெட்டைதான் என்று மற்றப் பிள்ளைகள் உண்மையாகவே நம்பினார்கள். நாலு வயதில் பிள்ளைகள் பொலிஸ்காரர் மாதிரி விதி பார்ப்பதற்கு, உடுப்போடு ஆளும் மாறிவிடும் என்ற இந்தப் பயமும் ஒரு காரணம்.

இன்னொன்று. 2017 இல் லின் பியான் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மிகமிகக் கெட்டிக்காரர் ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அவர் யாராக இருக்கும் என்று படங்களில் காட்டச் சொன்னார்கள். 5 வயதில் பெண்பிள்ளைகள் பெண்ணையும் ஆண்பிள்ளைகள் ஆணையும் ஏறத்தாழ ஒரே அளவில் காட்டினார்கள். 6 வயதில் பெண்பிள்ளைகள் பெண்ணைக் காட்டுவது குறைந்துவிட்டது. அமெரிக்கக் கணக்கு அப்படியே துணுக்காய்க்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 5க்கும் 6க்கும் நடுவில்தான் எங்கள் பிள்ளைகள் எங்களை விட்டு முதலாம் தரத்துக்குப் போகிறார்கள். கதைப்பதென்றால் அதற்கு முன் கதைக்க வேண்டும்.

அலுமாரியில் கிடப்பவை

முதல் வழிக்குக் காசு வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் புத்தகங்களை எடுத்து, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டு வாசிப்பது. எங்களிடம் இருப்பவை போருக்குப் பிந்திய வருடங்களில் ஒவ்வொருவராக வந்து கொடுத்துவிட்டுப் போனவை. சிலதுக்கு அட்டை இல்லை, சிலதைக் கறையான் ருசி பார்த்திருக்கிறது. ஒன்றில் அம்மா சமைக்கிறாள், அப்பா பத்திரிகை வாசிக்கிறார், அண்ணா பந்தடிக்கிறான், அக்கா முற்றம் கூட்டுகிறாள். இந்தப் புத்தகத்தைக் காணாதவர் இருக்கமாட்டீர்கள், பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

கேள்விகளுக்கு முன் ஒரு எண்ணல் விளையாட்டு வைத்தோம். இரண்டு பால்பேணி, ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. பக்கத்தைத் திருப்பும்போது ஆண் வந்தால் ஒரு பேணிக்குள் கொட்டை, பெண் வந்தால் மற்றதற்குள். மூன்று நாளில் அலுமாரியில் பெரும்பகுதி முடிந்தது. ஒரு பேணி கழுத்துவரை வந்தது. மற்றதில் அடி மறைந்து கொஞ்சம் மேலே. "ரீச்சர், பெட்டையள் எல்லாரும் எங்க போயிட்டினம்?" என்று ஒருவன் கேட்டான். எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன், இவ்வளவு நேரான கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் படப்புத்தகங்களுக்குக் கொடுக்கும் பெரிய பரிசு கால்டெகொட். அந்தப் பரிசுப் பட்டியலில் வந்த புத்தகங்களை எடுத்து லெனோர் வைட்ஸ்மனும் கூட்டாளிகளும் எண்ணி 1972 இல் எழுதினார்கள்: ஆண் படங்கள் 261, பெண் படங்கள் 23. எங்கள் பேணி அவ்வளவு மோசமில்லை. ஆனால் எங்களுடையது 50 வருடம் பிந்திய பேணி.

விலங்குகளை எந்தப் பேணியில் போடுவது என்று சண்டை வந்தது. தமிழில் விலங்கு 'அது' தான். ஆனால் கதைக்குள் நுழைந்ததும் நரியார், முயலார், கரடியார் ஆகிவிடுகிறது, உடனே பிள்ளைகளுக்கு அது ஆண். யானை எல்லாப் புத்தகத்திலும் ராசா. எங்கள் காட்டு யானைக் கூட்டங்களை நடத்துவது வயதில் மூத்த பெண் யானை, வளர்ந்த ஆண் யானைகள் பெரும்பாலும் தனியே திரிபவை. இதைச் சொன்னபோது பிள்ளைகளைவிட, கூட்டிப்போக வந்து நின்ற தகப்பன்மார்தான் கூடுதலாக வியந்தார்கள். வயலில் இரவிரவாக யானைக் காவல் இருந்தவர்கள் அவர்கள்.

பிறகுதான் வாசிப்பு. படத்தில் அக்கா கூட்டுகிறா. உங்கட வீட்டில் முற்றம் கூட்டுறது ஆர்? "அம்மா." "அப்பப்பா." "நானும் கூட்டுறனான்." "ஒருத்தரும் இல்லை ரீச்சர், காத்து." அதே கேள்வியை மட்டைக்காரப் பிள்ளையிடமும் மாற்றிக் கேட்டேன்: உங்கட வீட்டில் வெள்ளன வேலைக்குப் போறது ஆர்? "அம்மா. வெள்ளை வாகனத்திலை." இரண்டு சொல்லைக் கூட்டியதும் வீட்டு விடை வெளியே வந்துவிட்டது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

குறை என்னவென்றால், இந்த வழி முழுக்க வாசிப்பவரின் தலையில் தொங்குகிறது. ரீச்சருக்குக் காய்ச்சல், மாற்றுக்கு வந்தவர் புத்தகத்தை உள்ளபடி வாசித்துவிட்டுப் போவார். பிள்ளை தனியே புரட்டும்போது கேள்வி கேட்க யாருமில்லை, படம் மட்டும் இருக்கிறது. வாசிப்பவர் நிற்காமல் கடந்துபோனால் அதுவே ஆமோதிப்பு ஆகிவிடும். சூசன் கெல்மனும் கூட்டாளிகளும் தாய்மாரும் 2 முதல் 6 வயதுவரையான பிள்ளைகளும் சேர்ந்து படப்புத்தகம் பார்க்கும்போது கதைப்பதைப் பதிந்து ஆராய்ந்து 2004 இல் வெளியிட்டார்கள். தாய்மார் தாங்களாக 'இது ஆண்களுக்கு, இது பெண்களுக்கு' என்று சொன்னது குறைவு. ஆனால் பிள்ளை அப்படிச் சொன்னபோது மறுத்ததும் குறைவு. தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். நானும் அப்படித் தலையாட்டியிருக்கிறேன். மத்தியானம் பதினொன்றரைக்கு, கஞ்சி ஊற்றும் நேரத்தில், யாருக்குத்தான் விவாதம் செய்ய மனம் வரும்?

மாற்றிக் காட்டும் புத்தகங்கள்

இரண்டாவது வழி, இதற்கென்றே எழுதிய புத்தகங்களை வாங்குவது. பெண் லொறி ஓட்டுவாள், பையன் பொம்மையைத் தாலாட்டுவான். தமிழில் இவை முன்னைப் போல அரிதல்ல. சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996 முதல் பல மொழிகளில் படப்புத்தகங்கள் போடுகிறது, தமிழும் அதில் உண்டு. இலங்கையில் ரூம் டு ரீட் நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது, தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறது. தாள் தடிப்பு, படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வாசிப்பவர் சோம்பல்பட்டாலும் படம் தன் வேலையைச் செய்யும். முதல் வழியில் இல்லாத பலம் இது.

ஒரு புத்தகத்தை முன்பே இரவல் வாங்கி வாசித்துப் பார்த்தேன். பையன் ஒருவன் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற பக்கம் வந்ததும் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரி, கெட்டது என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "நானும் தங்கச்சியை ஏணையில ஆட்டுறனான்" என்றான். சிரிப்பு நின்றது. அவன் அம்மா தையல் வேலைக்குப் போய் வரும்வரை ஏணைக் கயிறு அவன் கையில்தான். அந்தப் பக்கத்தை அன்று மூன்று தரம் திருப்பிக் காட்டச் சொன்னான்.

இந்த வகைப் புத்தகங்களின் நல்லதுகள் இப்படித்தான் வேலை செய்கின்றன: ஒன்றும் அறிவிக்காமல், பையன் ஏதோ குழந்தையை ஆட்டுகிறான், கதை வேறெதையோ பற்றிப் போகிறது. மோசமானவை அறிவிக்கும். 'பெண்பிள்ளைகளும் வாகனம் ஓட்டலாம்!' அந்த 'உம்' என்ற சின்ன ஒட்டுக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது பாருங்கள். ஓட்டுவது ஆண்கள், இவர்களையும் சேர்த்துக்கொள்வோம் என்கிறது. வாகனம் யாருடையது என்ற கேள்வியே இல்லாத பிள்ளைக்கு அது யாருடையது என்று நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். எலினர் செஸ்ட்நட், எலன் மார்க்மன் என்ற இருவர் 2018 இல் பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 'பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகள் அளவுக்குக் கணிதத்தில் கெட்டிக்காரர்' என்ற வசனத்தை வாசித்தவர்கள் ஆண்பிள்ளைகளே இயல்பில் கெட்டிக்காரர் என்று முடிவெடுக்கச் சாய்ந்தார்கள். வசனம் சொன்னது சமம், கேட்டவர் காதில் விழுந்தது வேறு. கடையில் புத்தகத்தை எடுத்தால் இப்போது நான் முதலில் தேடுவது இந்த 'உம்'மைத்தான்.

அடுத்தது மொழி. இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சென்னைப் புத்தகத்தில், 'அம்மா அவளிடம் அன்பாகப் பேசினாள்' என்று ஒரு வரி. எங்கள் பிள்ளைகளுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. "அம்மா ஏன் பேசினவ? அவ என்ன பிழை செய்தவ?" என்று கேட்டார்கள். அன்பாக எப்படிப் பேசுவது என்பது அவர்களுக்கு விளங்கவே இல்லை. கதைப்பது என்று மாற்றி வாசிக்க வேண்டியதாயிற்று.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. மற்றது அப்படியல்ல. 'அப்பா வந்தார், அம்மா வந்தாள்.' பெண் விமானம் ஓட்டும் புத்தகத்தில்கூட அப்பாவுக்கு 'ஆர்', அம்மாவுக்கு 'ஆள்'. வன்னியில் எந்தப் பிள்ளையும் தாயை 'வந்தாள்' என்று சொல்லாது. 'அம்மா வந்தா' என்போம், 'அவ சொன்னவ' என்போம். அந்த 'அவ'வில் மரியாதை இருக்கிறது. எழுத்துத் தமிழில் எழுதினால் 'அம்மா வந்தார்'. ஆக, பிள்ளையின் வாயில் சமமாக இருக்கும் மரியாதையை, சமத்துவம் சொல்ல வந்த புத்தகம் ஒரு படி இறக்கி வைக்கிறது. படத்தைப் பார்த்து வாங்கும் நாங்கள் வினைமுற்றைப் பார்ப்பதில்லை. பென்சிலால் திருத்தி வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் புதுப் புத்தகத்தில் பென்சில் பிடிக்க மனம் கேட்காது.

பெற்றோர் முகம் சுழிப்பதும் இந்த வழியில்தான் கூட. "பெடியனுக்குப் பொம்மைப் புத்தகம் குடுத்து அவனைக் கெடுக்காதேங்கோ" என்று ஒரு தகப்பன் சொன்னார். ஏணை ஆட்டும் பெடியனின் கதையைச் சொன்னேன். "அது வேற, அது உதவி" என்றார். நல்லது, அது உதவிதான் என்று ஒப்புக்கொண்டேன். அவரோடு அதற்கு மேல் வாதாட எனக்கு விருப்பமில்லை. அவர் பிள்ளையை நாளைக்கும் அனுப்ப வேண்டும்.

வீரப் பெண் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வாளும் வில்லும் ஏந்திய சிறுமிகள் வரும் புத்தகங்களை நான் எடுக்கவில்லை. இந்த மண்ணில் பெண்கள் எல்லாம் செய்துவிட்டார்கள், 2009 இல் போர் முடிந்த பிறகு அதைப் பற்றி வாய் திறக்காமல் அடுப்படிக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். வீரம் என்ற சொல் எந்த வீட்டில் எதைக் கிளறும் என்று எனக்குத் தெரியாது. கதைக்கு வேறு சொற்கள் இருக்கின்றன.

விலையைப் பொறுத்தவரை, இந்தியாவிலிருந்து எடுப்பித்தால் அனுப்பும் செலவு புத்தக விலையைத் துரத்திப் பிடிக்கிறது. யாராவது போய் வருபவரிடம் சொல்லிவிடுவதே மேல்.

இலவசமாக இறக்குவது

மூன்றாவது வழி, இணையத்திலிருந்து இறக்கி அச்சிடுவது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய. வாசிப்புக்கு ஏற்ப நாலு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், எங்களுக்கு முதற்படி போதும். உரிமமும் திறந்தது: எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களைப் போட்டுவிட்டு நாங்கள் மாற்றலாம், அச்சிடலாம். 'பேசினாள்' என்பதைக் 'கதைச்சா' ஆக்க ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. பென்சில் சிக்கல் இங்கே இல்லை.

மொழிபெயர்ப்பின் தரம் ஏறி இறங்கும், யாரும் மொழிபெயர்க்கலாம் என்பதால். அச்சிடுமுன் ஒரு தரம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்குகிற இடத்தில் பிழை இருக்கும். போனிலேயே காட்டலாமே என்று இளம் தாய்மார் கேட்டார்கள். ஒரு பிள்ளைக்குக் காட்டலாம். பாயில் 18 பிள்ளைகள் இருந்தால் ஒரு போன் போதாது, தவிர போன் கையில் வந்ததும் பிள்ளைகள் கேட்பது கார்ட்டூன். கலர் அச்சுக்குப் பக்கக் கணக்கில் காசு, மேலே லமினேட் செய்ய இன்னும் காசு. லமினேட் செய்யாமல் மாரிக்குள் வைத்திருந்தால் தைக்கு முன்னமே தாள் ஊதிவிடும். 'இலவசம்' என்ற சொல்லை நம்பிக் கடைக்குப் போகாமல், முதலில் பக்கங்களை எண்ணிக்கொண்டு போங்கள்.

நாங்களே செய்வது

நாலாவதுதான் எனக்கு ஆசை, அதனால் அதன் குறையை முதலில் சொல்கிறேன். நேரம் தின்னும். 12 பக்கப் புத்தகம் ஒன்றுக்கு எங்களுக்கு ஐந்து கிழமை எடுத்தது. படம் கீற ஆள் வேண்டும். எங்களுக்கு உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் ஒரு அக்கா கிடைத்தா, எல்லா ஊரிலும் கிடைப்பார் என்றில்லை.

பயிற்சிகளில், வீட்டுப் படங்களைக் கொண்டுவரச் சொல்லிக் குடும்பப் புத்தகம் செய்யுங்கள் என்பார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஆல்பங்களைத் தொலைத்த ஊர் இது. சில வீடுகளில் இருக்கும் ஒரேயொரு படத்துக்கு மாலை போட்டிருக்கும். 'அப்பாவின் படம் கொண்டு வா' என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிடும் உரிமை எங்களுக்கில்லை. நாங்கள் கீறித்தான் செய்தோம், யாருடைய முகத்தையும் கீறாமல்.

புத்தகத்தின் பெயர் 'வெள்ளன எழும்புற ஆக்கள்'. பாண்காரர் ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார். அப்பா புட்டுக்கு மா குழைக்கிறார். ஒரு அன்ரி லான்ட்மாஸ்டர் உழவு மெசினை இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிறா. மாமா தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறார். அம்மம்மா சைக்கிளில் பால் கொண்டுபோகிறா. ஒரு அம்மா சப்பாத்துக் கட்டுகிறா, வெளியே வெள்ளை வாகனம் நிற்கிறது. ஆண் என்றோ பெண் என்றோ ஒரு சொல்லும் புத்தகத்தில் இல்லை. 'உம்' இல்லை. எல்லாம் ஊரில் உண்மையாக நடப்பது.

வசனம் எழுதும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் குழந்தையை 'அது' என்றால் மரியாதைக் குறைவாம். எங்களுக்கு அது செல்லம். 'பிள்ளை எழும்பிட்டுதோ? பிள்ளை பால் குடிச்சிட்டுதே?' இந்த வாய்வழக்கை அப்படியே எழுத்துக்கு எடுத்தோம். கதை முழுக்க ஜன்னலால் எட்டிப் பார்ப்பது 'பிள்ளை'. அது பெடியனா பெட்டையா என்று எங்கும் இல்லை. வாசித்து முடித்ததும் பெடியள் 'அது பெடியன்' என்றார்கள், பெட்டைகள் 'பெட்டை' என்றார்கள். படத்தில் தலை முடி தெரியாமல் போர்வையால் மூடிக் கீறச் சொன்னது என் தந்திரம். சட்டைக்கும் காற்சட்டைக்கும் சண்டை பிடிக்கிற கூட்டம் இந்தப் பிள்ளையை மட்டும் பங்கு போட்டுக்கொண்டது.

ஒவ்வொருவரையும் தனித்தனி ஆளாகக் கீறியதற்கும் காரணம் உண்டு. 2012 இல் மார்ஜரி ரோட்ஸும் கூட்டாளிகளும் ஒரு படப்புத்தகம் செய்தார்கள். அதில் வருவது 'சார்ப்பி' என்ற இல்லாத ஒரு இனம், ஆண் பெண் சிறுவர் பெரியவர் எல்லாரும் கலந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு 'சார்ப்பிகளுக்கு வண்டுக்குப் பயம்' என்ற மாதிரி வாசித்தார்கள். மற்றவர்களுக்கு 'இந்தச் சார்ப்பிக்கு வண்டுக்குப் பயம்' என்று. படம் ஒன்றே. 'சார்ப்பிகள்' என்று கேட்ட 4 வயதுப் பிள்ளைகள், அந்த இனமே பிறப்பிலேயே அப்படி என்று நம்பச் சாய்ந்தார்கள். இதை வாசித்த அன்று காலையில்தான், "நல்ல பொம்பிளைப் பிள்ளையள் இப்பிடிக் குந்தி இருக்கமாட்டினம்" என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும், அதை மூடி வைத்த பிறகு நான் 'ஆம்பிளையள் அழமாட்டினம்' என்றால் காசு வீண். 'ஆண்பிள்ளைகள் ஒரு வரிசை, பெண்பிள்ளைகள் ஒரு வரிசை' என்பதையும் விட்டுவிட்டோம். இப்போது சிவப்புப் போத்தில்காரர் முதலில், நீலம் பிறகு.

வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்தபோது நாலாவது வழிக்கு முகம் சுழித்தவர் ஒருவரும் இல்லை. பொம்மைப் புத்தகத்தை எதிர்த்த அதே தகப்பன், லான்ட்மாஸ்டரின் கைபிடி பிழையாகக் கீறியிருக்கு என்று மட்டும் சொல்லியனுப்பினார். ஒரு அம்மம்மா, "நாங்கள் அந்த நாளில மாடு பூட்டி உழுதனாங்கள் பிள்ளை, அதை ஏன் போடேல்லை?" என்று என்னையே கேட்டா.

எப்படிப் பிரித்தோம்

கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்த முடிவு இது. புது அச்சுப் புத்தகம் மூன்று மட்டும், 'உம்' இல்லாதவையாக, ஏறத்தாழ பாதிக் காசுக்கு. ஸ்டோரிவீவரிலிருந்து நாலு, சொற்களை மாற்றி, அச்சிட்டு லமினேட் செய்து. எங்கள் சொந்தப் புத்தகத்துக்கு மூன்று பிரதி. மிச்சத்தில் ஒரு பகுதி, சுவரில் தொங்கவிடும் துணிப்பைகளுக்கு, கறையானுக்கு எட்டாமல். பழைய அலுமாரிப் புத்தகங்களில் ஒன்றையும் எறியவில்லை. அவை இல்லாவிட்டால் பேணி விளையாட்டு இல்லை.

காசே இல்லாத முன்பள்ளி என்றால் பேணியிலிருந்து தொடங்குங்கள், 'உங்கட வீட்டில்' என்ற இரண்டு சொல்லோடு. ஓரளவு காசும் நேரமில்லாத ரீச்சரும் என்றால் மூன்றாவது வழி. கேள்வி கேட்டு வாசிக்க விருப்பமில்லாத ரீச்சர் என்றால் எந்தக் காசும் உதவாது, ஆனாலும் இரண்டாவது வழியில் கொஞ்சம் ஒட்டும். வாங்குவதை மட்டும் செய்துவிட்டு அலுமாரியைப் பூட்டி வைத்த இடங்களையும் கண்டிருக்கிறேன்.

சொந்தப் புத்தகத்தை வெள்ளை வாகனத்து அம்மாவிடம் காட்டினேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தா. சப்பாத்துக் கட்டும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், காட்டோரம் குனிந்து வேலை செய்வதாகக் கீறியிருந்தோம். அதில் நிறுத்தினா. "ரீச்சர், முகத்தை மூடுற கண்ணாடி கீறேல்லை. இப்பிடிப் போனால் எங்களை உள்ளுக்கு விடமாட்டினம்." பிறகு மகளிடம், "அம்மா போடுறது எப்பிடி எண்டு காட்டு" என்றா. பிள்ளை இரண்டு கையாலும் நெற்றியிலிருந்து நாடிவரை இழுத்துக் காட்டியது.

அந்தப் பக்கத்தை மூன்று பிரதியிலும் ஏற்கெனவே லமினேட் செய்தாயிற்று. திரும்பக் கீறக் கொடுத்திருக்கிறோம். லான்ட்மாஸ்டர் கைபிடியையும் அதோடு சேர்த்து.